மூச்சு வாங்கும் இடம் வரை

இன்று காலை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். என் சட்டைப் பைக்குள் அந்த ஜப்பான் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவன், "பெர்சு, இன்னா பாட்டு இது? பேத்தி போனைத் தூக்கினு வந்துட்டியா?" என்றான். எனக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் உடனே போனை எடுக்கவில்லை. பாடட்டும் என்று விட்டேன்.

எழுத்து தெரியாதவன் உனக்கு மடல் எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். நான் சொல்கிறேன், உன் மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள்.

எல்லாம் உன்னால் வந்தது. போன் வாங்கிய புதிதில் யார் கூப்பிடுகிறார்கள் என்று படிக்கத் தெரியாமல் நான் முழித்தேன். ஆளுக்கு ஒரு பாட்டாக வைத்துக் கொடுத்தவன் நீ. என் மகனுக்கு நாதஸ்வரம். மருமகளுக்குக் கோயில் மணி. உனக்கு இந்தப் பாட்டு. பெருங்களத்தூரில் நீ வாட்ச்மேனாக இருந்த அடுக்குமாடியில் ஒரு ஜப்பான் இன்ஜினியர் குடியிருந்தாரே, அவர் சைக்கிள் துடைக்கும்போதெல்லாம் இதைப் போட்டுக் கேட்பாராம். நீ போனைக் காட்டி, காதைக் காட்டிக் கேட்டாயாம். அவர் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு அனுப்பித் தந்தாராம்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் என் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை நிறுத்தி, அதன் பலகையிலேயே உட்கார்ந்துதான் முதலில் கேட்டோம். "இன்னாடா, பூனைக்குட்டிங்களை மூட்டை கட்டின மாதிரி கீது" என்றேன். நீ மறுபடியும் போட்டாய். நடுவில் ஓரிடத்தில் வாத்தியமெல்லாம் நின்றுவிடும். அந்தப் பெண்கள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும். பிறகு எல்லோரும் ஒரே எடுப்பாக ஏறுவார்கள். அந்த இடத்தில் என் கை தானாகப் பலகையில் தட்டிவிட்டது. "மாட்டிகினான்" என்றாய்.

அப்புறம் ஞாயிறுதோறும் நீ சர்ச்சிலிருந்து நேராக ஏரிக்கரைக்கு வருவாய். புதுப்புது ஜப்பான் பாட்டுகள். பாடுகிறவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. நாமே பெயர் வைத்தோம். ஒருத்தி மூக்கடைப்புக்காரி, ஒருத்தி ரயிலுக்கு நேரமானவள். யாரிடமாவது அர்த்தம் கேட்கலாமே என்றேன். "தெரிஞ்சிகினா அதுலயும் எவளாவது அழுதுகினு இருப்பா. வேணாம் வுடு" என்றாய். கரையில் யாராவது நடந்து வந்தால் நான் கூச்சப்பட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன். நீ வேண்டுமென்றே கூட்டுவாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி வீட்டில் மயங்கி விழுந்தாள். ஸ்டெல்லா அவளோடு நின்றுகொண்டாள். நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டோம். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்கிறார். அது முடிந்தால் பெட்டியை மூட வேண்டியதுதான். அப்போது என் பையில் அந்தப் பெண்கள் பாடினார்கள்.

உன் பாட்டு. உன் நம்பர். நீ என் கண்ணெதிரே படுத்திருக்கிறாய். என் கைக்கு அது தெரியவில்லை. எடுத்துக் காதில் வைத்து, எப்போதும் போலச் சத்தமாக, "இன்னா மச்சான், எங்க கீற?" என்றேன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். "குட்ச்சிட்டு வந்துகீறான்" என்றது ஒரு குரல். பாஸ்டர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். உனக்கு வெட்டிய குழியில் நான் இறங்கிவிடலாம் போலிருந்தது.

பேசியது ஸ்டெல்லா. அவசரத்தில் கையில் அகப்பட்ட உன் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். "மாமா, அம்மா எழுந்துட்டாங்க. பெட்டிய மூட வேணாம்னு சொல்லுங்க. ஆட்டோல வந்துகினே இருக்கோம்." சொன்னேன். காத்திருந்தார்கள். தங்கச்சி வந்து உன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நல்லதாகத்தானே முடிந்தது என்று என் மகன் சொல்கிறான். ஆனால் டீக்கடையில், "ஜப்பான்காரரே, மச்சான் போன் பண்ணானா?" என்று இன்னும் கேட்கிறார்கள். நான் கடையை மாற்றிக்கொண்டேன்.

அந்த வெட்கத்தைக்கூடச் சுமந்துவிடலாம். வேறொன்று இருக்கிறது. உன் போனை இப்போது தங்கச்சி வைத்திருக்கிறாள். மாத்திரை வாங்க, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுகிறாள். இன்று காலையும் சர்க்கரை போடுகிறார்களா என்று கேட்கத்தான். பாட்டு வந்ததும் என் உடம்பு நீதான் என்று நம்பிவிடுகிறது. எடுத்தால், "அண்ணா" என்கிறாள். பாவம், அவள் என்ன செய்வாள்? அவள் குரல் கேட்டதும் என் முகம் செத்துப்போகிறது. இதைவிடக் கேவலம் எனக்கு இல்லை. அதனால் உடனே எடுப்பதில்லை. அந்தப் பெண்கள் மூச்சு வாங்கி, ஏறிப் பாடி, பாட்டு அறுந்துபோகப் போகும் நேரம் வரை உன்னோடு இருக்கிறேன். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு எடுக்கிறேன். அண்ணனுக்குக் காது மந்தம் என்று தங்கச்சி நினைத்துக்கொள்வாள், நினைக்கட்டும் என்று இருந்தேன்.

இதைச் சொன்னதும் ஸ்டெல்லா பேனாவை நிறுத்திவிட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. அதான் கட் பண்ணாம, எத்தினி நேரம் ஆனாலும் காதுல வெச்சிகினே இருக்காங்க."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். இதையும் எழுது என்றேன்.

இனிமேல் சீக்கிரம் எடுத்துவிடுகிறேன், மச்சான். அந்த மூச்சு வாங்கும் இடம் வரை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.