நீலம் தடவிய பந்து

உன் மருமகன் நேற்று ஊத்தங்கரை பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு நீளமான சாக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். "உங்களுக்குத்தான் குடுக்கணும்னு மாமா சொல்லி வெச்சிருந்தாராம். அத்தை அனுப்பினாங்க" என்றான். பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எண்ணெயும் பழைய மரமும் கலந்த அந்த வாசனை வேறு எதற்கும் கிடையாது. நம் பேஸ்பால் மட்டை. உடனே பிரிக்கவில்லை. உன்மேல் இருந்த கோபம்தான் முதலில் எழுந்து வந்தது. நீ செத்துப்போனதால் அது குறையவில்லை. குறையக் காரணமும் இல்லை.

நம் ஃபேக்டரியில் மெஷின் நிறுவ வந்த ஜப்பான்காரர்கள் திரும்பிப் போகும்போது மட்டையையும் கையுறைகளையும் கொஞ்சம் பந்துகளையும் கேன்டீனில் விட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் இருந்த காலி மனையில் ஆட ஆரம்பித்தோம். நீ ஃபிட்டர், எதற்கும் அளவு கேட்பவன் என்பதால் உன்னை அம்பயராக நிறுத்தினோம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரர்களோடு நடந்த ஆட்டத்தில் கடைசியாக மட்டை பிடித்தவன் நான். இரண்டு பந்துகளைத் தவறவிட்டிருந்தேன். மூன்றாவது மட்டையில் உரசிக்கொண்டு பின்னால் போனது. உரசியிருந்தால் இன்னொரு வாய்ப்பு, உரசாவிட்டால் அவுட். நீ கையைத் தூக்கினாய்.

"பட்டுச்சுடா! மட்டையில பட்டத என் கண்ணால பாத்தன்."

"பட்டா சத்தம் வராதா?"

"ஹைவேல லாரி போற சத்தத்துல உனக்கு எது கேட்டுச்சு?"

"பொய் சொல்லாதடா. கடைசி ஒரு கஜத்துல எந்தக் கண்ணும் பந்தப் பாக்க முடியாது. அவுட்டு."

"அவுட் ஆய்த்து, ஹோகப்பா!" என்று, அவுட் ஆகிவிட்டது போப்பா என்பதை அவர்கள் கன்னடத்தில் கூவினார்கள். நம் ஆட்களும் சிரித்தார்கள். அவுட்டை நான் தாங்கியிருப்பேன். பொய்யன் என்றதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் முதல் கேன்டீனில் பொடிசுகள்கூட, "என்னாண்ணே, சாம்பார்ல பருப்பு பட்டதப் பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் விடவில்லை. நீயும் விடவில்லை. உன் தொழில் வழியிலேயே தீர்க்கலாம் என்றாய். இரண்டு இரும்புப் பரப்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஒன்றில் நீலம் தடவி மற்றதன்மேல் வைத்து எடுப்பது உங்கள் வழக்கம். நீலம் ஒட்டிய இடம்தான் பட்ட இடம். பார்த்ததும் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட வேண்டும். பழைய தடம் மிச்சமிருந்தால் அடுத்த சோதனை கெட்டுப்போகும்.

"பந்துல நீலம் தடவிப் போடறன். அடிச்சதும் மட்டையப் பாக்காம, எங்க பட்டுச்சுன்னு சொல்லு."

நான் சொன்ன இடம் ஒன்று, நீலம் இருந்த இடம் வேறொன்று. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நீ ஒவ்வொரு தடத்தையும் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டீயை வைத்துக்கொண்டு ஹைவே ஓரம் நின்று லாரிகளைப் பார்த்தேன். தூரத்தில் வரும் லாரியோடு கண் சுகமாகப் போகிறது. கிட்டே வந்ததும் அது ஒரே வீச்சில் கடந்துவிடுகிறது. கண் பின்தங்கிவிடுகிறது, கழுத்தும் உதவுவதில்லை. ஆனால் கண்ணை முன்கூட்டியே எதிரில் இருக்கும் கம்பத்துக்குத் தாவவிட்டுக் காத்திருந்தால், லாரி கம்பத்தைத் தொடும் கணம் தெளிவாகத் தெரிகிறது. நடுவில் கொஞ்சம் தொலைந்துபோகும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பந்தைக் கடைசிவரை துரத்தவில்லை. உன் கையிலிருந்து பாதி வழிவரை அதோடு வந்தேன். அங்கிருந்து கண்ணை மட்டை வரப்போகும் இடத்துக்குத் தாவவிட்டேன். பந்து மறைந்தது. பிறகு வந்து பட்டது.

"நுனியிலருந்து ஒரு சாண். அடிப்பக்கம்."

நீ மட்டையைத் திருப்பிப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். "குருட்டாம்போக்கு" என்று சொல்லிவிட்டு, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாய். அதோடு அந்தச் சோதனை நின்றது. ஆட்டத்தன்றும் எனக்கே தெரியாமல் என் கண் அப்படித்தான் தாவியிருக்கும். கேட்க நீ தயாராக இல்லை.

வருஷங்கள் கழித்து, நீ சொந்த ஊரில் படுத்த படுக்கையாக இருந்தபோது ஊத்தங்கரைக்கு வந்தேன். "அந்த அவுட்டு அவுட்டுதான்டா" என்றாய், நான் உட்காருவதற்குள்.

"அவுட்டப் பத்தி யார் கேட்டா? பொய்யன்னு சொன்னியே, அதக் கேக்கறன்."

நீ உள்பக்கம் திரும்பி, "இவனுக்கு ஒரு டீ போடு. சக்கரை கம்மியா. கண்ணு கெட்டுடப் போவுது, பந்து பாக்கற கண்ணு" என்றாய். அடுத்த முறை வருவதற்குள் நீ இல்லை.

இன்று காலை சாக்கைப் பிரித்தேன். பிடியில் சுற்றிய டேப் இற்றுப்போயிருக்கிறது. நுனியிலிருந்து ஒரு சாண், அடிப்பக்கம், நீலம் மரத்துக்குள் ஊறிக் கிடக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு நீலத்தைக்கூடத் துடைக்காமல் விட்டவனில்லை நீ.

இதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நாலு பேர் முன்னால் வாயால் சொன்னதை வாயால்தான் திரும்ப எடுக்க வேண்டும். மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறேன். தூசி தட்டுகிறவர்களிடம் சொல்லிவிட்டேன்: எங்கே வேண்டுமானாலும் துடையுங்கள், அந்த இடத்தில் மட்டும் துணி படக் கூடாது.