எண்பத்தேழு கெட்டில் தண்ணீர்

விட்டன் படகுத்துறை,
ஞாயிறு மாலை, அக்டோபர் 13

அன்புள்ள பிரையனிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சம்பிரதாயம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். அந்த மருத்துவமனையில் உன்னை நிரந்தர வேலையில் சேரச் சொல்கிறார்களாம். முப்பதாம் தேதிக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். சரி என்று சொன்னால் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து நீ திரும்ப மாட்டாய். மூன்று வாரமாக இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் மேல் கோபப்படாதே. எழுந்து போக முடியாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் மாட்டிவைத்தவன் நான்தான். அதை வரிசையாக எழுதுகிறேன். போனில் வேண்டாம். நீ தொடங்குகிற வாக்கியத்தை நான் முடித்துவைக்கிறேன் என்று போன மாதம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நேற்று நான் வீட்டை, அதாவது நாம் குடியிருக்கும் படகை, நகர்த்திக்கொண்டிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் எனக்கு வேலை சொன்னார்கள், அங்கேயே படகு கட்ட இடமும் தருவதாகச் சொன்னார்கள். நீ திரும்பி வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ யோசிக்க வேண்டும் என்பாய், யோசிக்க ஒரு மாதம் ஆகும். அதனால் மலையைக் குடைந்து போகும் பிளாக்மூர் கால்வாய்ச் சுரங்கம் வழியாகப் படகைக் கொண்டுபோய்விட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். தனியாகப் போகச் சுரங்கக்காரர்கள் விடமாட்டார்கள் என்பதால் உன் அப்பாவைக் கூப்பிட்டேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று வந்துவிட்டார். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி நான்கு, செய்தித்தாள் ஒன்று, பிஸ்கட் டப்பா ஒன்று. மூன்று கிலோமீட்டர் சுரங்கத்துக்கு அவர் செய்த ஏற்பாடு இவ்வளவுதான்.

இனி வருவது பொறியியல். தள்ளிவிட்டுப் படிக்காதே, பின்னால் இதுதான் முக்கியம்.

பழைய டீசல் என்ஜினையும் ஈய பேட்டரிகளையும் நான் எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தேன் அல்லவா, அதில் படகின் பின்பக்கம் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோ குறைந்தது. எடை குறைந்தால் பின்பக்கம் மேலே வரும். மூன்றரை அங்குலம் வந்தது. அதைக் கீழே இறக்கத் தளத்துக்கு அடியில் நடைபாதைக் கற்களை அடுக்க வேண்டும். கற்களை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கச் சொல்லியிருந்தேன், போய்ச் சேர்ந்து அடுக்கிக்கொள்ளலாம் என்று. நடுச் சுரங்கத்தில் கூரை இறங்கியிருப்பது எனக்குத் தெரியும். கணக்கும் போட்டேன். நானும் உன் அப்பாவும் பின்தளத்தில் நின்றால் ஒரு விரல் இடைவெளி இருக்கும். ஆகவே போகலாம்.

இதை அவரிடம் சொல்லி, சுரங்கம் முடியும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்றேன். அவர் வயிற்றைத் தட்டிக்கொண்டு, "அறுபத்தெட்டு வயசுல என் தொந்திக்கு இப்பத்தான் ஒருத்தன் வேலை குடுத்திருக்கான்" என்றார்.

சுரங்க வாயிலைப் பார்த்துக்கொள்ளும் மோரீன், சுரங்கக் கூரையின் உயரத்தைக் காட்டும் அளவுச் சட்டத்துக்குக் கீழே படகை விடச் சொல்லிவிட்டு அவளும் பின்தளத்தில் ஏறி நின்று பார்த்தாள். மூன்று பேர் எடையில் தாராளமாகப் போயிற்று. "முன்னாடி அளந்த கணக்குத்தானே? எதையும் மாத்தலையே தம்பி?" என்றாள். எல்லாம் கணக்குப் போட்டாச்சு என்றேன். அவள் கேட்டது அது இல்லை. எனக்கும் தெரியும். எங்கள் தலையில் ஆளுக்கொரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, உள்ளே அனுப்பி, பின்னால் கதவைச் சாத்தினாள். சுரங்கத்துக்குள் காற்று செலுத்தும் காற்றாடிகள் ஓடத் தொடங்கின.

முதல் முக்கால் மணி நேரம் நன்றாகப் போயிற்று. மோட்டார் சத்தமே இல்லை. செங்கல்லிலிருந்து சொட்டுகிற நீர் ஹெல்மெட்டில் விழுவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பழைய என்ஜினாக இருந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இப்போது விழுகிறது. உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ள, பிரையனி விஷயமா ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நார்மன், முன்னாடி போய் டீ போடுங்க" என்றேன்.

"நகரக் கூடாதுன்னியே?" என்றார். பரவாயில்லை, போங்கள் என்றேன். எனக்கு அந்தக் கணக்கு மனப்பாடம், பிரையனி. பின்னாலிருந்து முன்னால் அவர் எடை போனால் பின்பக்கம் இன்னும் ஓர் அங்குலம் எழும். எனக்கு இருந்ததோ ஒரு விரல். தெரிந்துதான் அனுப்பினேன். அவர் சொல்லப்போவதைக் கேட்பதைவிட எதுவும் மேல் என்று அந்த நேரத்தில் இருந்தது.

நாலு நிமிடம் கழித்து கூரை எங்களைப் பிடித்துக்கொண்டது. படகு அறையின் மேல் பின்விளிம்பில் இருக்கும் கைப்பிடிக் கம்பி ஒரு செங்கல் விளிம்புக்கு அடியில் போய் மாட்டியது. நிறுத்தியிருக்க வேண்டும். ஆத்திரத்தில் முன்பக்கம் முழு வேகம் கொடுத்தேன். இரண்டு விநாடிதான். இன்னும் நன்றாக இறுகிக்கொண்டது. பிறகு பின்பக்கம் முழு வேகம். மோட்டார் சூடாகித் தானே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து உன் அப்பா, "டீயெல்லாம் கொட்டிப்போச்சு மாப்ள. ஊர் வந்துருச்சா?" என்றார்.

அவர் திரும்பிவந்து பின்தளத்தில் நின்றும் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் சுவரைத் தள்ளினோம். அசையவில்லை. குனிந்தபடிதான் நிற்க முடியும், கூரை அவ்வளவு தாழ்வு. கையை நீட்டினால் இரண்டு பக்கமும் ஈரச் சுவர். ஊதலை நீளமாக ஊதினேன். கதவுக்கும் காற்றாடிக்கும் அப்பால் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் மோரீனுக்கு அது எங்கே கேட்கும்? போனில் சிக்னல் கிடையாது. இரண்டு மணி நேரம் தாண்டியும் வெளியே வராவிட்டால்தான் தேடி வருவார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை உன் அப்பா கேட்டிருப்பார். மோட்டார்தான் சத்தம் போடுவதில்லையே.

உன் அப்பா ரொட்டியை எடுத்து நீட்டினார். "சாப்பிடு. பஸ்ஸு நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா ஜனங்க என்னைத்தான் பாக்கும். நான் சாண்ட்விச்ச எடுத்துருவேன். டிரைவரே சாப்பிடுறான், பயமில்லைன்னு உக்காந்துரும்" என்றார். நீங்கள் பயந்ததே இல்லையா என்று கேட்டேன். "உள்ளுக்குள்ள வெலவெலத்துப் போயிருப்பேன்" என்றார்.

அப்போதுதான் பழைய டீசல் டேங்க் ஞாபகம் வந்தது. பின்கோடியில் படகின் உடம்போடு சேர்ந்தது, கழற்ற முடியாது என்று விட்டுவைத்தேன். காலி. இருநூறு லிட்டர் பிடிக்கும். அதில் கால்வாய்த் தண்ணீரை நிரப்பினால் பின்பக்கம் அமுங்கும். ஆனால் ஊற்றும் வாய் இரண்டு விரல் அகலம். புனல் கிடையாது. வாளியால் ஊற்றினால் எல்லாம் தளத்தில்தான் போகிறது. உன் அப்பா உள்ளே போய்க் கெட்டிலைக் கொண்டுவந்தார். அதன் மூக்கு சரியாக நுழைந்தது.

நான் தளத்தில் குப்புறப் படுத்து, சுவருக்கும் படகுக்கும் இடையே இருந்த ஒரு சாண் இடைவெளியில் கையை விட்டு மொண்டு கொடுத்தேன். அவர் ஊற்றி எண்ணினார். ஒரு கெட்டிலுக்கு அரை நிமிடத்துக்கு மேல். துரு நிறத் தண்ணீர், ஐஸ் மாதிரி. பத்தாவது கெட்டிலில் அவர், "இப்ப டீ போடச் சொல்ல முடியாதுல்ல?" என்றார். முடியாது என்றேன். சொன்னார்.

நான் குறுக்கே பேசவில்லை. நல்ல குணத்தால் இல்லை. தலை தண்ணீர்ப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்கியது. நிரந்தர வேலை, முப்பதாம் தேதி எல்லாம் சொன்னார். இந்தச் செய்தி உன்னிடமிருந்து எனக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன். "உங்கிட்ட சொன்னா அதையும் ஒரு ரிப்பேர் மாதிரி பிரிச்சுப்போட்டு உக்காந்துருவியாம். இருபத்தி நாலு" என்றார். அந்த இருபத்து நான்கு, கெட்டில் எண்ணிக்கை.

பிறகு இன்னொன்று சொன்னார். மார்ச் மாதம், என்ஜினைப் பிரித்துத் தரை முழுக்கப் பரப்பியிருந்தபோது, ஒரு சாயங்காலம் நீ படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாயாம். நான் உள்ளே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் ஹீட்டரைத் தூக்கிவந்து உன் காலடியில் வைத்தேனாம்.

எனக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்குக் குளிர்கிறது என்றுதான் நினைத்தேன். மூக்கை உறிஞ்சினாய். ஹீட்டரை வைத்ததும் நிறுத்தினாய். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய் வேலையைப் பார்த்தேன். அன்று எனக்குத் திருப்திகூட இருந்தது.

இதைக் கேட்டபோது கெட்டிலை மொள்ளாமல் அப்படியே கிடந்தேன். உன் அப்பா, "கை மரத்துப் போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். கோட்டைக் கழற்றி என் முதுகில் போட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி மொண்டு கொடுத்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார்.

எண்பத்தேழாவது கெட்டிலில் செங்கல் கிரீச்சிட்டது. படகு ஒரு தடவை முக்கி, அமுங்கி, விட்டது.

இங்கே பொய் சொல்லக் கூடாது. உனக்காக நான் திரும்பி வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் முன்னால் கூரை இன்னும் தாழ்வு, போக வழி இல்லை. அதனால்தான் பின்வாங்கினேன். ஒன்றரைக் கிலோமீட்டர், பின்பக்கமாகவே, அதற்குள் ஆறியிருந்த மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, மீதிக்குச் சுவரைக் கையால் தள்ளி. பாதி வழியில் மோரீன் சிறு படகில் விளக்கோடு எதிரே வந்தாள். "வந்த வழியே திரும்பி வர்ற ஆளு இந்த வருஷம் நீதான் முதல்ல" என்றாள். எடையை மாத்திட்டுச் சொல்லாமப் போனேன், என் தப்பு என்றேன். அவள் விளக்கை என் முகத்தில் அடித்துப் பார்த்தாள். "இந்த வார்த்தைய எந்தப் படகுக்காரன் வாயிலயும் நான் கேட்டதில்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உன் அப்பாவிடம் கேட்டாள்.

கல் அடுக்கி, மறுபடி அளந்து, வியாழக்கிழமை போகலாம் என்று நேரம் ஒதுக்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். இன்று காலை போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டறைக்கும் சொல்லிவிட்டேன், அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இதற்காக நீ எனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. உன்னைக் கேட்காமல் எடுத்த முடிவு, அதை விட்டேன், அவ்வளவுதான். படகு நீ விட்டுப்போன அதே இடத்தில், அதே முளையில் கட்டியிருக்கிறது.

உன் அப்பாவுக்கு லேசாகச் சளி. மருந்து வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அந்த டிரைவர் வளைவை அகலமாக எடுக்கிறான் என்று ஏறும்போதே குறை சொன்னார். நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

முப்பதாம் தேதி நீ என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அது என்னவென்று உனக்குத் தெரியும், எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சாயங்காலம் எதற்கு அழுதாய்? உன் அப்பாவுக்கும் தெரியவில்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எழுது. திரும்பி வரப்போவதில்லை என்றாலும் எழுது. அதைச் சரிசெய்யக் கிளம்ப மாட்டேன். உட்கார்ந்து படிக்கிறேன்.

அங்கே காற்று கடுமையாக இருக்கும். நீ எங்கே இருக்க முடிவு செய்தாலும் அந்த இடம் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

உன்,
ஜெத்ரோ