அடுத்த படத்தில் என் முகம்

லண்டன்
12.11.1974

ஆத்தாவுக்கு மகள் வள்ளிமயில் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நாச்சியாபுரம் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

நான் அனுப்பிய படத்தைத் தெருவெல்லாம் காட்டி, "பாத்தீகளா, எம்மகளுக்குச் சீமைச் சோறு ஒத்துக்கிருச்சு" என்றாயாமே, தம்பி எழுதியிருந்தான். சிரித்தேன், கொஞ்சம் அழுகையும் வந்தது. அது சோற்றுச் சதை இல்லை ஆத்தா, மாத்திரை வீக்கம். மூட்டுவலி என்று சொல்லிவந்தேனே, அதற்கு லூபஸ் என்று பெயர். கிருமியை அடிக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், எனக்கு என் உடம்பையே அடிக்கிறது. பயப்படாதே. ரத்தத்தில் அது கூடினால் பெரும்பாலும் நோய் சீறும், குறைந்தால் அடங்கும். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். போன வாரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. டாக்டரம்மாவே வார்டுக்கு வந்து சொல்லி, மாத்திரையையும் குறைத்துவிட்டார்.

வெயில் மட்டும் எனக்கு ஆகாதாம். இந்த ஊரில் வெயிலே கிடையாது, அதனால் கவலையில்லை. ஆனாலும் நம் களத்தில் பாய் விரித்து, நீயும் நானும் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சித்திரை வெயில்தான் நினைப்பாகவே இருக்கிறது. அந்த வெயிலில் காய்ந்த மிதுக்கு வற்றல் கொஞ்சம் அனுப்பு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. மாத்திரை குறையக் குறைய முகமும் வற்றிவிடும். அடுத்த படத்தில் கன்னம் ஒட்டியிருந்தால், மகள் பட்டினி கிடக்கிறாள் என்று அழுதுவிடாதே. அதையும் தெருவெல்லாம் காட்டு.

வள்ளிமயில்