ஜலாதிவாசத்தில் இருந்த கல்

இன்று காலை, ஃப்ரீசரில் மறந்துவிட்ட கண்ணாடி பாட்டில் வெடித்துக் கிடந்தது. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்ட, நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உன் ஞாபகம், மச்சான்.

எண்பதுகளின் கடைசி. நிலவியல் படித்த நாம் இருவரும், பனியையே பார்த்திராத தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு, உறைபனி பாறையை எப்படி உடைக்கிறது என்று ஆராயக் கிளம்பினோம். தலைப்பு உன்னுடையது. ஃப்ரிட்ஜ், அஸ்தினாபுரத்தில் உன் அம்மாவுடையது. மாடம்பாக்கத்தில் கிணறு வெட்டிய இடத்துப் பாறையில் உருளையாக மூன்று துண்டுகள் எடுத்தோம். ஒன்று அலமாரி மேல் காய்ந்தது. ஒன்று மூடிய தவலைத் தண்ணீரில் ஊறியது. மூன்றாவது, ஊறி, ஃப்ரீசரில் உறைந்து, உருகி, மறுபடி உறைந்தது. கல்லுக்குள் போன தண்ணீர் உறையும்போது பருத்து, உள்ளேயே விரிசல் விடும் என்பது நம் கட்சி.

சோதனைக்கு முந்தின நாள் தவலையைத் திறந்தால் கல்லைக் காணோம். பூஜை அலமாரியில், விபூதிப் பட்டையோடு சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது.

"உருண்டையா கல்லு, தண்ணிக்குள்ள! பிரதிஷ்டைக்கு முன்னாடி சாமியை ஜலாதிவாசத்துல வெப்பாங்களே, அதுன்னு நெனச்சேன். வேளாவேளைக்கு அபிஷேகம் பண்ணிட்டிருக்கேன்" என்றார் அம்மா.

"அம்மா, அது சாமி இல்ல, சாம்பிள்! நாளைக்கு மெஷின்ல நசுக்கணும்" என்றேன்.

"என்னை மொதல்ல நசுக்கு."

வேறு கல் ஊறவைக்க நேரமில்லை. இது போனால் இருவருக்கும் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயில் வாசலை மிதிக்காத நீதான் வழி கண்டுபிடித்தாய்.

"கோயில் ரிப்பேர்னா சாமியைக் கலசத்துக்கு மாத்துவாங்கல்ல? இவரையும் மாத்திடும்மா."

அம்மா எவர்சில்வர் சொம்புக்கு மாற்றினார். மறுநாள் சொம்போடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

காய்ந்த கல் வெகுநேரம் தாங்கியது. உறைந்த கல் சீக்கிரமே பொலபொலவென்று உதிர்ந்தது. அம்மாவின் கல் முறை வந்ததும் நீ நழுவினாய்.

"நீயே அமுக்குடா மச்சான். எனக்கு ராத்திரி வூட்டுல சோறு வேணும்."

அமுக்கினேன். நாம் எதிர்பார்த்தபடியே, அந்த இரண்டுக்கும் நடுவான பாரத்தில் படாரென்று வெடித்தது.

"சாமி எறங்கினப்புறம் கல்லுக்கு ஏது பலம்?" என்றார் அம்மா.

நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிய விடிய நாத்திகம் பேசும் நீ, சத்தம் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாய்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் இன்னும் கல் உடைக்கும் வேலையில்தான் இருக்கிறேன். மெஷினில் பாறை வெடிக்கும்போதெல்லாம் என் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. ஆய்வகத்தில் எனக்குப் பெரிய பக்தன் என்று பேர். அது உனக்குடா என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?