ஊட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?

ஏலக்காய் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பாயசம் நினைவுக்கு வரும். எனக்கு போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வருகிறது. கூடவே நீயும் வந்துவிடுகிறாய்.

இன்று காலை ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஜீப்பை நிறுத்தி என் கடையில் டீ குடிக்க இறங்கினார்கள். வருஷத்தின் முதல் காய் எடுப்பு நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறது. ஒருத்தி மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கைப்பிடிக் காயை மேசைமேல் வைத்து, "ஒனக்கும் எடுத்தாந்தேன்க்கா, வெளக்கு முன்னால வையி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வெளியே சாரல். பச்சைக் காயின் வாசனை கடை முழுக்க ஏறிக்கொண்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான் பார்க்கவே இல்லை. நீ இருந்திருந்தால் எதிரே ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே, "ஏனுங்க்கா, பாலு போகுதுங்க!" என்று சத்தம் போட்டிருப்பாய்.

நாம் எப்படிப் பழகினோம் என்று யாராவது கேட்டால், "இந்த அக்காவ நாங்க புடிச்சிட்டு வந்தமுங்க" என்பாய். கேட்டவர் முழிப்பார். நீ சிரிக்கமாட்டாய். உன் குசும்பு அப்படி.

பிடித்துக்கொண்டு வந்ததும் உண்மைதானே. அப்போது நான் இந்தக் கேரளத்து மலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நானும் மகளும் மட்டும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் எடுப்பு அன்று ஒவ்வொருத்தியும் ஒரு கைப்பிடிக் காயை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் செருகிக்கொள்வாள். வீட்டில் விளக்கு முன்னால் வைத்திருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தோட்டத்து மாரியம்மனுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். பழைய முதலாளி அவராகவே வந்து, "கைப்பிடி எடுத்தாச்சா?" என்று கேட்பார். அவர் தோட்டத்தை விற்றபோது நிலத்தைக் கொடுத்தார், காய் உலர்த்தும் ஸ்டோரைக் கொடுத்தார், எங்களையும் சேர்த்துத்தான் கொடுத்தார். இந்த வழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டார். எங்களுக்கும் அதைப் போய்ச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. சாமி காரியத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று இருந்துவிட்டோம்.

அந்த வாரம் ஸ்டோரிலிருந்து போன வருஷத்து உலர்ந்த காய் மூட்டைகள் காணாமல் போயிருந்தன. புது மேனேஜர் யாரைப் பார்த்தாலும் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் எடுப்பு அன்று மதியம் நான் எடுத்த காயைத் தூக்கிக்கொண்டு தனியாக மேலே ஏறி வந்தேன். மற்ற பெண்கள் எல்லாரும் கீழே பள்ளத்தில். மூட்டையை இறக்கும்போது இடுப்பில் இருந்த முடிச்சு அவர் கண்ணில் பட்டது. சாமிக்கு எடுத்தது என்று தமிழிலும் சொன்னேன், எனக்குத் தெரிந்த மலையாளத்திலும் சொன்னேன். அவர் போனை எடுத்துவிட்டார். காணாமல் போனது உலர்ந்த காய், என்னிடம் இருந்தது பச்சைக் காய். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. போலீஸ் வந்து, கீழே இருந்த ஒருத்திக்கும் தெரியாமல் என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் ஒரு மர பெஞ்சு. எனக்கு எதிரே இருந்த மேசையில் மஞ்சள் முடிச்சு, அதன் பக்கத்தில் என் வீட்டுச் சாவி. இரண்டையும் ஒரே மடியில் செருகியிருந்ததால் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். நான் முடிச்சைப் பார்க்கவில்லை, சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வண்டி வந்து மகளை இறக்கிவிட்டுப் போய்விடும். அவள் பூட்டிய கதவின் முன்னால் மழையில் நிற்பாள். இருட்டினால் காட்டுப்பன்றி வரும் இடம் அது. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும், திருடி என்று பெயர் வந்துவிட்டால் இன்னொரு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் என் நெஞ்சு அந்தச் சாவியிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது.

மேனேஜர் என் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மற்ற மூட்டைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ நனைந்த ரெயின்கோட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தாய். பெண் போலீஸ் வந்தால் அடிப்பார்கள் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய், மேசையைப் பார்த்தாய். பிறகு கேட்டாய்.

"ஏனுங்க்கா, ஊட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?"

மலையாளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த என் காதில் தமிழ் விழுந்தது. அதுவும் இப்படி ஒரு தமிழ். நீ பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரத்துப் பக்கம், மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்பது அந்தக் கட்டடத்தில் ஒருத்திக்காவது தோன்றியிருக்கிறது. அதுவரை அழாதவள் அப்போது அழுதேன்.

நீ எஸ்.ஐ. இருந்த அறைக்குப் போய் மலையாளத்தில் பேசினாய். வீட்டுக்குத் தகவல் சொல்லவேண்டும், எதற்காகக் கூட்டிவந்தோம் என்று அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லவேண்டும், பெண்ணை விசாரிப்பது என்றால் அவள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்கவேண்டும், புகார் கொடுத்தவர் விசாரணை செய்யக்கூடாது. உன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் எரிச்சலோடு ஏதோ சொன்னார். நீ அதே நான்கையும் திரும்ப ஒருமுறை சொன்னாய். பிறகு வெளியே வந்து, மேனேஜரை வராந்தாவில் உட்காரச் சொன்னாய்.

எனக்கு ஒரு டீ வாங்கி வைத்தாய். நான் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா காய்ச்சலில் லயத்திலேயே படுத்திருந்தாள். அவள் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். நீ போட்டுக் கொடுத்தாய். "ஏட்டி, பிள்ளையை உள்ள கூப்பிட்டு வச்சுக்க. நான் ஸ்டேஷன்ல இருக்கேன்" என்று சொல்லி முடித்தபிறகுதான் டீயை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

மற்றதைப் பேச்சியம்மா பார்த்துக்கொண்டாள். என் மகளைத் தன் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலோடு பள்ளத்துக்கு இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்துக்குத் திரும்பவேண்டிய கூலி ஜீப் அன்று நேராக ஸ்டேஷனுக்கு வந்தது. சேறும் சகதியுமாக எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருத்தியாக மடியை அவிழ்த்து, மேசையில் என் முடிச்சுக்குப் பக்கத்தில் தன் மஞ்சள் முடிச்சை வைத்தாள். வைக்க இடமில்லாமல் நாற்காலியில் வைத்தார்கள், ஜன்னலில் வைத்தார்கள். ஸ்டேஷனே மணத்தது.

"இது திருட்டுன்னா எங்க எல்லாத்தையும் உள்ள வையிங்க சார்" என்றாள் ஒருத்தி. "அம்மனையும் ஒரு வார்த்த கேட்டுக்கிருங்க" என்றாள் இன்னொருத்தி. எஸ்.ஐ. எழுந்து வந்து பார்த்தார். பிறகு வராந்தாவில் இருந்த மேனேஜரைப் பார்த்தார். இருட்டுவதற்குள் நான் சாவியோடு வீட்டில் இருந்தேன்.

அதற்கு உனக்குக் கிடைத்த பரிசு, அந்த மழைக்காலம் முழுக்கச் செக்போஸ்டில் லாரிக்குக் கை காட்டும் வேலை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேனேஜர் மறுபடி வேலைக்கு வரச்சொன்னார். எனக்கு ரோஷம். போகவில்லை. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்டேஷனுக்கு எதிரே இந்த டீக்கடையைப் போட்டேன். வீட்டுக்காரர்கூட, "வேற எடமே கெடைக்கலியா?" என்று கேட்டார். நீ செக்போஸ்டிலிருந்து திரும்பியதும் என் முதல் வாடிக்கைக்காரி ஆனாய். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது தாயி என்று கூப்பிடத் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. உன் 'ங்க'வை நான் கேலி செய்வேன், என் 'ஏட்டி'யை நீ கேலி செய்வாய். பச்சைக் காயைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னும் பழுக்கலீங்களா?" என்று நீ கேட்டதைத் தோட்டத்துப் பெண்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். மாம்பழ ஊர்க்காரி, உனக்கு எல்லாம் பழுக்கவேண்டும்.

நமக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. அந்த மூட்டைகளைத் திருடியவன் கடைசியில் பிடிபட்டான். ஸ்டோரிலேயே வேலை பார்த்தவன். என்னை ஜீப்பில் ஏற்றியபோது நின்று வேடிக்கை பார்த்தவன். நான் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவந்தபோது அவன் அதே பெஞ்சில் இருந்தான். நீ அவன் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்: "ஏனுங்க, ஊட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. உன்னைக் கடைக்கு இழுத்து வந்து கேட்டேன். "என்னா தாயி, கிறுக்கா ஒனக்கு? என் மானத்த வாங்குனவன் அவன். அவனுக்கும் அதே கேள்வியா?"

"அவனுக்கும் ஊடு இருக்குதுல்லீங்க்கா."

"எனக்குக் கேட்ட. சரி. நான் திருடல. அவன் திருடன்."

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "உங்ககிட்டக் கேட்டப்ப நீங்க திருடலீன்னு எனக்குத் தெரியுமுங்களா? தெரியாதுங்க்கா. தெரியாமத்தான் கேட்டேன்."

அது என்னைச் சுட்டுவிட்டது. நீ என் முகத்தைப் பார்த்தாய், நல்லவள் என்று கண்டுகொண்டாய், அதனால் கேட்டாய் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதை ஒரே வார்த்தையில் பிடுங்கிப் போட்டுவிட்டாய். பல நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. டீயைக் கொண்டுவந்து மேசையில் ணங்கென்று வைப்பேன். நீ பொறுமையாகக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க்கா" என்பாய். சர்க்கரையே போட்டிருக்கமாட்டேன்.

பிறகு கோபம் எப்படியோ கரைந்தது. ஆனால் நீ சொன்னது புரிந்துவிட்டது என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு ஊருக்குப் போனாய். வந்துவிடுவாய் என்று இருந்தேன். போன்தான் வந்தது.

கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிக் கோவிந்தாபுரம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தோப்புக்குள் உங்கள் வீடு. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் போலீஸுங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, உங்க மக இருந்த ஸ்டேஷனுக்கு என்னைப் பிடிச்சிட்டுப் போனாங்க. அப்படிப் பழக்கம்" என்றேன். அந்தத் துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதோம். உன் குசும்பு எங்கிருந்து வந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜார்கண்டிலிருந்து காய் எடுக்க வந்திருக்கும் பெண்களில் ஒருத்தியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எடுப்பு தொடங்கும்வரை வேலைக்குப் போன வீட்டில் செயின் காணவில்லையாம். நான் டீத்தட்டோடு உள்ளே போனபோது அவள் அந்தப் பெஞ்சில், சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. புதிதாக வந்திருக்கும் சின்ன வயது அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தேன். மேசையில் அவளுடைய போன் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். மலையாளம்தான் வரும் என்று நினைத்தேன். வந்தது இது: "ஏனுங்க சார், இவங்க ஊட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?"

என் ஆயுசில் நான் 'ங்க' போட்டுப் பேசியதில்லை, தாயி. அந்த அதிகாரி நிமிர்ந்தார். மலையாளத்தில் திரும்பக் கேட்டேன்: "வீட்டில் அறியிச்சோ சாரே?"

"பாஷை அறியில்ல சேச்சி" என்றார், அவள் பாஷை தெரியவில்லை என்று. பிறகு, "சேச்சிக்கு இவளெ அறியாமோ? இவள் எடுக்கில்லன்னு உறப்பாணோ?" என்று கேட்டார். இவளை எனக்குத் தெரியுமா, இவள் எடுக்கவில்லை என்று எனக்கு நிச்சயமா என்று.

"தெரியாது சார்" என்றேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கடையில் ஆள் காத்திருந்தார்கள். நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிறகு இந்தி தெரிந்த ஜீப் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து அவளிடம் பேசி, போனை எடுத்துக் கொடுத்தார்.

அவள் என்ன பேசினாள் என்று எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பேசி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதுவரை தொடாமல் வைத்திருந்த டீயை எடுத்தாள். ஆறிப்போயிருக்கும். ஒரே மூச்சில் குடித்தாள்.

செயினை அவள் எடுத்தாளா இல்லையா, எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டேன்.