பழைய சைக்கிளே போதும்

மட்டாஞ்சேரி
12-8-1979, ஞாயிறு

அன்பு மகன் நல்லசிவத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தங்கச்சியும் சுகம். பஹ்ரைன் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் சிரிக்கிற சேதி. மூன்று வாரத்துக்கு முன்னால் பஜார் ரோட்டின் நடுவில் உன் அப்பன் வேட்டி இல்லாமல் நின்றான். பிரேக் பிடிக்காமல் சைக்கிள் கைவண்டியில் மோதியது. நான் ஒரு பக்கம், சங்கிலியில் மாட்டிய வேட்டி ஒரு பக்கம். சேட்டா, முண்டு நிங்ஙளுக்கா, சைக்கிளுக்கா என்று மீன்காரி ஒருத்தி கேட்டாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

நீ எழுதியிருந்தாய், அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று. பிரேக் கட்டை தேய்ந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று ஓட்டினேன். இப்போது முன்பக்கக் கவை வளைந்துவிட்டது, சட்டத்தில் கீறல். சைக்கிள் கடைக்கார வர்க்கி, ஒட்டித் தர்றேன், ஒரு வருஷம் ஓடும், பின்னே சேட்டனோட பல்லுக்கு நான் பொறுப்பில்லை என்கிறான்.

தங்கச்சியை விட்டு மலையாளத்தில் எழுதச் சொல்லாமல், என் ஐந்தாம் வகுப்புத் தமிழில் நானே எழுதுகிறேன். வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான்.

என் வேலை உனக்குத் தெரியும். முதலாளி சேட்டின் மிளகு மூட்டைக் கிட்டங்கியில் இருந்து மாதிரிப் பொட்டலங்களை வாங்குகிறவர்களின் ஆபீஸுக்குக் கொண்டுபோவது. பொட்டலம் கட்டுகிறவள் உசிலம்பட்டி ஒச்சம்மாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அதனால் முதல் தரத்துக்குச் சிவப்பு நூல், உள்ளே கனமில்லாத பொக்கு மிளகுக்குப் பச்சை நூல். பன்னிரண்டு வருஷமாக ஒரு பொட்டலம் மாறியதில்லை.

அன்று விழுந்ததில் கொண்டுபோன இரண்டு பொட்டலமும் கிழிந்தன, நூலும் அறுந்தது. சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே அள்ளிக் கட்டினேன். விரலில் நசுக்கினால் எந்த மிளகு எது என்று இருட்டிலும் சொல்லிவிடுவேன். அன்று உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போய் வேறு மாதிரி கேட்டிருக்கலாம். விழுந்த கதையை, வேட்டிக் கதையை, சேட்டு முன்னால் சொல்ல வெட்கம். எதற்குச் சிவப்பு, எதற்குப் பச்சை என்று குத்துமதிப்பாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சைக்கிள் வளைந்ததற்கு, வாசல் தூணில் இடித்தேன் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் வாங்கினவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, மாதிரி ஒன்று சரக்கு ஒன்று என்று பெரிய ரகளை. நூல் கட்டியது யார் என்று சேட்டு கத்தினார். நான்தான், முதலாளி என்றாள் ஒச்சம்மாள். அவள் கட்டியது நிஜம்தானே. அப்புறம் என் பக்கம் திரும்பி, அண்ணே, எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு போல, சிவப்பும் பச்சையும் தெரியல போல என்றாள். நான் தலையை ஆட்டினேன். சும்மாதான் ஆட்டினேன், நல்லசிவம். ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். கண் போனவள் என்று பேர் பரவியதால் இந்தத் தெருவில் வேறு எந்தக் கிட்டங்கியிலும் அவளைச் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சேட்டு கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷம் உழைத்திருக்கிறாய், கிட்டங்கிச் செலவில் புது சைக்கிள் எடுத்துக்கொள் என்றார். ஒச்சம்மாள் இருந்த இடத்தில் புதிதாக ஒருத்தி முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். பழசே போதும் முதலாளி, ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். முப்பிடாதிக்கு ஆசையே கிடையாது என்று என்னைக் காட்டிக் கணக்கரிடம் சொல்லிச் சிரித்தார். நீ அனுப்பிய பணத்திலும் புதுசு வாங்கவில்லை. அதில் ஏறி உட்கார எனக்கு முடியாது. ஒட்டுப் போட்டதை மிதித்தால் மட்டும் என்ன, என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

ஒச்சம்மாள் புதன்கிழமை பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. நான் சொன்னால் அவளுக்கு வேலை திரும்பும், எனக்குப் போகும். தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுது. உன் கடிதம் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் அவள் போயிருப்பாள். அது தெரிந்துதான் கேட்கிறேன். உன் அப்பன் அவ்வளவு கெட்டிக்காரன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். என் உள்ளங்கையில் இன்னும் ஆறாத காயத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, மஞ்சள் வைங்கண்ணே என்றாள். புறப்படும்போது தெருமுனை வரை கூட வந்தாள். ஓடையின் மேல் ஒரு பலகை கிடக்கிறது. அதன் முன்னால் நின்று, கண்ணை நம்ப முடியல, பயமா இருக்குண்ணே, பிடிச்சுக்கிடுங்க என்று கையை நீட்டினாள். குருடியைக் கூட்டிப்போவது போல மணிக்கட்டைப் பிடித்து அவளைக் கடத்திவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னால் ஒருத்தர் கெட்டுப்போனார் என்று இல்லாமல் உன் காலம் போக வேண்டும். மட்டாஞ்சேரி பகவதியிடம் அதை மட்டும்தான் கேட்கிறேன்.

பலகையைத் தாண்டிய பிறகும் அவள் கையை விடவில்லை. ஒச்சம்மா, உன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை தாயி என்று நான் சொல்லவில்லை.

அப்பா
முப்பிடாதி