ஆவி வண்டியும் என் தந்தை குற்றாலலிங்கமும்

அனுப்புநர்:
கு. முத்தாரம்மாள்,
த/பெ. (காலஞ்சென்ற) குற்றாலலிங்கம்,
தையற்கடை, ஆரியசாலைச் சந்திப்பு அருகில்,
சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புரவலர், நீராவி எஞ்சின் மீட்புக் குழு,
ஆட்சியர் அலுவலகம், குடப்பனக்குன்னு,
திருவனந்தபுரம்.

பொருள்: பழைய நீராவி எஞ்சினைப் புதுப்பிக்க நிதி திரட்டும் நிகழ்ச்சியிலும், நிறுவப்படவுள்ள பெயர்ப்பலகையிலும் என் தந்தையைக் குடிகாரர் எனக் குறிப்பிடுவதைத் திருத்தக் கோருதல் – நிதி திரட்டும் பணி தடைப்படாது தொடர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தமிழில் எழுதுவதற்கு முதலில் பொறுத்தருளக் கோருகிறேன். கடையில் நாள் முழுதும் மலையாளம்தான் பேசுகிறேன். ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளியில். தந்தையைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லும் பிசகிவிடக் கூடாது என்பதால் எனக்கு நன்கு தெரிந்த மொழியில் எழுதுகிறேன். என் மகள் அஞ்சு செய்த மலையாள மொழிபெயர்ப்பு இத்துடன் உள்ளது.

1. நான் சாலைக் கடைத்தெருவில் தையற்கடை நடத்துகிறேன். ரவிக்கை, பள்ளிச் சீருடை, ஓட்டல் தொழிலாளர் சட்டை முதலியன தைப்பது தொழில். என் தந்தை குற்றாலலிங்கம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளியாக, வேலை பார்த்தவர். 1971ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், முருக்கும்புழைக்குத் தெற்கே உள்ள வளைவில் எஞ்சின் மோதி இறந்தார். அப்போது எனக்கு எட்டு வயது.

2. அவர் மீது மோதிய எஞ்சின்தான் இப்போது சாக்கையில் பழைய சரக்குக் கிடங்கு வளாகத்தில் நிற்கிறது. பல ஆண்டுகள் கொடி படர்ந்து துருவேறிக் கிடந்தது. தாங்கள் புரவலராக உள்ள குழு அதைச் சீர்செய்து, கொதிகலனில் மீண்டும் தீ மூட்டி, வளாகத்துக்குள்ளேயாவது ஓடச்செய்ய முயல்கிறது. பிள்ளைகள் ஞாயிறுதோறும் வந்து துருச் சுரண்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் கூலி கிடையாது. எனவே என் புகார் அந்த எஞ்சின் மீதும் அன்று, அதைப் புதுப்பிப்பவர்கள் மீதும் அன்று.

3. இப்பணிக்கு நிதி சேர்க்க, மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் குழுவினர் ‘ஆவி வண்டி’ என்றொரு காட்சி நடத்துகின்றனர். ஆவி என்றால் நீராவியும் ஆகும், பேயும் ஆகும். பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்தான். மழையில் குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் விழுந்து கிடந்து அரைபட்ட, பெயர் தெரியாத ஒரு கேங்மேனின் பேய் எஞ்சினுக்குப் பின்னாலிருந்து தள்ளாடி வருவதாகக் காட்சி. ஒரு கையில் சாராயப் புட்டி, மறு கையில் சிவப்புக் கொடி. கூட்டம் நிறைய வருவதாகக் கேள்வி. அந்தப் பேய் யார் என்பது, அதற்குரிய சட்டை என் கடைக்குத் தைக்க வரும்வரை எனக்குத் தெரியாது.

4. பேய் வேடம் போடும் நாடக நடிகர் அஜின் என்பவர் காக்கித் துணியுடன் என் கடைக்கு வந்தார். பழைய சட்டை கிழிந்துபோயிற்றாம். அளவெடுக்கும்போது, “புதுசா இருக்கப்படாது அம்மா. தோளுல கீறி, பொத்தான் போயி இருக்கணும். குடிச்சுப்போட்டு தண்டவாளத்துல கெடந்தவனாக்கும் ஆளு” என்றார். எந்த இடத்தில் நடந்ததாகக் கதை என்று கேட்டேன். முருக்கும்புழை வளைவு என்றார். எந்தக் காலம் என்று கேட்டேன். எழுபத்தொன்றில் என்று பலகைக்கு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுமாறு கூறி அனுப்பினேன். அன்று வேறு துணி எதையும் தொடவில்லை.

5. சட்டையைத் தைத்தேன். ஆனால் கிழிக்கவில்லை. பொத்தான் அனைத்தும் வைத்தேன். வாங்க வந்த அஜின் ஏன் என்று கேட்டபோது, நடந்ததைக் கூறி, அந்த மனிதர் என் தந்தை என்றும், என் தாய் அவரைக் கிழிந்த சட்டையுடன் வேலைக்கு அனுப்பியதில்லை என்றும் சொன்னேன். அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் அறிஞ்சிருந்தா ஏத்திருக்க மாட்டேன் அம்மா” என்றார். அவர் மீதும் எனக்குப் புகார் இல்லை. வேடம் போட்டால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும்.

6. இனி நடந்தது என்ன என்பதைப் பதிவுசெய்கிறேன். என் தந்தை குடிக்காதவர் என்று எழுதமாட்டேன். சம்பள நாளில் குடிப்பார், குடித்தால் பாடுவார், மறுநாள் என் தாயின் முகத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் இறந்த அன்று குடிக்கவில்லை. பிற்பகல். இவ்வூரார் கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்துப் பெருமழை. வளைவில் தளர்ந்த இணைப்புத் தகடுகளின் போல்ட்டுகளைக் குனிந்து முறுக்கிக்கொண்டிருந்தார். மழை இரைச்சலில் வண்டி வந்தது கேட்கவில்லை. அந்த எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவர் யோசுவா. அவர் மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, என் தாயிடம் சொன்னது எனக்கு இன்றும் நினைவில் உள்ளது. “அக்கா, அண்ணன் குனிஞ்சு முறுக்கிட்டு இருந்தாரு. விசில் அடிச்சோம். மழையில எங்க காதுக்கே கேக்கல்ல.” அவர் உடலருகில் கிடந்த புட்டி சாராயப் புட்டி அன்று. போல்ட்டுகளுக்கு இடும் எண்ணெய்ப் புட்டி. அதைப் பார்த்த யாரோ ஏதோ சொல்ல, அது இத்தனை காலம் ஊரில் உலவி, இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கதையாகிவிட்டது. யோசுவா அவர்கள் வலியதுறையில் மகன் வீட்டில் இருக்கிறார். முதுமையால் நடை தளர்ந்திருக்கிறதே தவிர, நினைவு தெளிவாக உள்ளது. எவர் முன்னிலையிலும் சொல்லத் தயார் என்று கூறியிருக்கிறார்.

7. குழுவின் செயலாளர் திரு. வினீத் அவர்களை நேரில் சந்தித்தேன். நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, முழுவதையும் கேட்டார். பிறகு, “அம்மா, இது ஒரு கதையாக்கும். ஆரையும் குற்றம் சொல்லல்ல. கதை இல்லேங்கில் ஜனம் வராது. ஜனம் வரல்லேங்கில் இந்த வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எனினும் அந்தக் கதையில் இருப்பவருக்குப் பெயர் உண்டு, மகள் உண்டு என்றேன்.

8. சற்று யோசித்த அவர் முகம் மலர்ந்தது. “எங்கில் மாத்தி எழுதலாம் அம்மா. உங்க அப்பா கொடி காட்டி வண்டியை நிறுத்தி, எல்லாரையும் காப்பாத்தி, உயிர் குடுத்தாருன்னு போடலாம். அதுக்கு ஆள் இன்னும் கூடும்” என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று உண்மையாகவே நினைத்தார். நான் மறுத்தேன். என் தந்தை எந்த வண்டியையும் நிறுத்தவில்லை. எவரையும் காப்பாற்றவில்லை. அன்று அவருக்கு இட்ட வேலையை மழையில் நின்று செய்தார். அவ்வளவே. குடிகாரராக நிற்பதும் அவர் அல்லர். தியாகியாக நிற்பதும் அவர் அல்லர். திரு. வினீத் அவர்களுக்கு இது விளங்கவில்லை. “நல்லதா எழுதினாலும் வேண்டாமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஊர் சொல்லும் பொய்யை அழித்துவிட்டு நானே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு எப்படி இருப்பேன் ஐயா?

9. கடந்த மாதக் காட்சிக்கு நானும் என் மகளும் டிக்கெட் எடுத்துச் சென்றோம். எஞ்சினைச் சுற்றிச் சிவப்பு விளக்கு, புகை, ஒலிபெருக்கியில் இடி முழக்கம். மடியில் குழந்தைகளுடன் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருந்தார்கள். அஜின் நான் தைத்த சட்டையில் வந்தார். தள்ளாடவில்லை. புட்டியைக் கீழே வைத்தார். தண்டவாளத்தருகே குனிந்து, போல்ட் முறுக்குவதுபோல் சிறிது நேரம் இருந்தார். பேய் எப்போது பாயும் என்று சிலர் சிரித்தபடி காத்திருந்தனர். அவர் எழுந்து நின்று சொன்னார்: “இவரு பேரு குற்றாலலிங்கம். குடிச்சிட்டுக் கெடக்கல்ல. வேலை செஞ்சிட்டு இருந்தாரு. இதுக்கு மேல எனக்கு நடிக்கத் தெரியாது.” பின் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு வாயில் வழியே வெளியே போய்விட்டார். சிலர் இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று கை தட்டினர். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். பக்கத்தில் இருந்த ஓர் அம்மையார் இது உண்மைதானா என்று மலையாளத்தில் என்னிடம் கேட்டார். அது என் அச்சன், என் அப்பா, என்று சொன்னேன். கூட்டம் கலையும்வரை என் கையை அவர் விடவில்லை.

10. அதற்குப்பின் அஜினைக் குழுவினர் கூப்பிடுவதில்லை. காட்சி தற்போது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இச்செய்தி சாலைக் கடைத்தெருவில் பரவி, நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டிருந்த தமிழ் வியாபாரிகள் பலர் பின்வாங்கிவிட்டனர். இரும்புக்கடை பகவதிப்பெருமாள் அண்ணாச்சி, “உங்கப்பனைக் கேவலப்படுத்துனவனுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?” என்று என்னிடமே கேட்டார். நான் கடை கடையாக ஏறி இறங்கி, நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். எனக்கு மூளை பிசகிவிட்டதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள்.

11. காரணத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. தந்தை இறந்தபின் என் தாய் ஆவுடைத்தாய்க்கு எஞ்சின் கொட்டகையில் சாம்பல் அள்ளும் வேலை கிடைத்தது. வண்டிகள் வந்து நின்றதும் அடியில் கொட்டும் சூட்டுச் சாம்பலை வாரி அப்புறப்படுத்த வேண்டும். அந்த எஞ்சினும் அங்கே வரும். மற்றப் பெண்கள் அதை என் தாயிடம் விடாமல் தாங்களே அள்ள முன்வருவார்கள். அவர் சம்மதிக்க மாட்டார். ஒரு நாள் சோறு கொண்டுபோன நான், இதைத் தொடாதே அம்மா என்று அழுதேன். “வண்டி என்னட்டி செய்யும்? அதுக்குக் கண்ணா இருக்கு? தள்ளி நில்லு, சூடு” என்றார். அகல ரயில்பாதை வந்து நீராவி எஞ்சின்கள் நிற்கும்வரை அந்த வேலையில் இருந்தார். அந்தச் சாம்பலில்தான் நான் படித்தேன்; என் தையல் இயந்திரம் வந்தது. ஆகவே அந்த எஞ்சின் இரும்புக் கடைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் தந்தையை இழிவுபடுத்தித்தான் அது பிழைக்க வேண்டும் என்பதையும் ஏற்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் வழி இல்லாமல் போகாது என்று நம்பியே தங்களிடம் வந்துள்ளேன்.

12. சித்திரை விஷுவுக்குப் பின் வரும் ஞாயிறன்று முதன்முறையாகத் தீ மூட்டப்பட்டு, பலகையும் திறக்கப்படும் என்று அறிவித்துள்ளனர். ‘குடிபோதையில் உயிரிழந்த பெயர் தெரியாத கேங்மேன்’ என்ற வரியுடன் பலகை பொறிக்கக் கொடுக்கப்பட்டுள்ளது. திரு. வினீத் அவர்கள் இப்போது அந்த வரியையே முழுதாக எடுத்துவிடலாம் என்கிறார். அதற்கும் நான் இசையவில்லை. எடுத்துவிட்டால் அவர் அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

ஆகவே தங்களை நான் வேண்டுவது: குடிகாரப் பேய்க் காட்சியை இனி நடத்தாதிருக்கக் குழுவுக்கு அறிவுறுத்த வேண்டும். உண்மை சொன்னதற்காக வேலை இழந்த நடிகர் அஜினுக்கு, குழு இனி நடத்தும் நிகழ்ச்சிகளில் மீண்டும் இடம் தர வேண்டும். யோசுவா அவர்களை அழைத்து விசாரிக்க வேண்டும். ஆட்டோவில் நானே அழைத்து வருவேன். விசாரணை நடக்கிறது என்ற பேரில் நிதி சேர்ப்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. தீ மூட்டும் நாளன்று எஞ்சினில் நிற்கும் தொண்டர்களுக்குக் காக்கிச் சட்டைகள் தைத்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். துணி மட்டும் அவர்கள் தந்தால் போதும்.

பலகையில் வர வேண்டியதைக் கீழே எழுதியுள்ளேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

‘குற்றாலலிங்கம், தண்டவாளத் தொழிலாளி. 1971 ஆடி மழையில் வேலை செய்துகொண்டிருந்தபோது இந்த எஞ்சின் மோதி இறந்தார்.’

இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க வேண்டாம் ஐயா. இதில் ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம்.

தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்,

கு. முத்தாரம்மாள்
(ஒப்பம்)

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 14.03.2025

நகல்: செயலாளர், நீராவி எஞ்சின் மீட்புக் குழு, சாக்கை – தகவலுக்காகவும், சட்டைகளுக்கு அளவு அனுப்புவதற்காகவும்.